கை இறுக்கம் போதும்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் ஒரு எச்சரிக்கை. பதில் எழுதினால் வீட்டு முகவரிக்கு எழுதிவிடாதீர்கள். எங்கள் மாடிக்குக் கீழே பிரிண்ட் போட்டுத் தரும் கடை இருக்கிறது. உறையின் பின்பக்கம் எழுதியிருப்பது அந்த முகவரிதான், கடைக்காரர் வாங்கி வைத்துக்கொள்வார். போன் வேண்டவே வேண்டாம். என் போனும் மின்னஞ்சலும் என் மனைவி, அந்தச் சின்னவள் கையில்தான் இருக்கின்றன. வாடிக்கையாளர்களோடு பேசுவது, தேதி வாங்குவது எல்லாம் அவள் பொறுப்பு.

அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது. அவர்களைக் கட்டிய பாவத்துக்குச் சகலைகள் நாமும் ஏன் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "அந்த வீட்டோட யாரும் பேச வேணாம்" என்று இவள் சொன்னபோது, அந்த "யாரும்" நான்தான் என்று புரியவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. உங்கள் வீட்டிலும் இதே சட்டமாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்களாவது கூப்பிட்டிருப்பீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் தொழில் உங்களுக்குத் தெரியும். இன்னும் கட்டாத கட்டடத்துக்குள் நடந்து போவதுபோலப் படம் செய்து கொடுக்கிறேன். அதற்குக் கணினி மணிக்கணக்கில் முழு மூச்சாக ஓட வேண்டும். தயாரித்தவர்கள் சொன்ன வேகத்தில் ஓட்டினால் வேலை முடியாது என்று நானே வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன். சூடு தொண்ணூற்றைந்து டிகிரியைத் தொட்டதும் கணினி பட்டென்று அணைந்துவிடுகிறது, செய்த படமும் போய்விடுகிறது. விசிறிகள் போடும் சத்தத்தில், சின்னவள் போன் பேசினால் எதிர்முனையில் இருப்பவர் "பஸ்ல இருக்கீங்களா?" என்று கேட்கிறார்.

தண்ணீர் ஓடிச் சூட்டை எடுக்கும் சுற்று ஒன்றை நானே அமைக்கலாம் என்று இருக்கிறேன். கடையில் விற்கும் ஆயத்தப் பெட்டி பிராசஸருக்கு மட்டும்தான் போதும். எனக்கு கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக் குளிர்விக்க வேண்டும். நீங்கள் ஒரு தொழிற்சாலைக்கே குளிர்நீர் தரும் சில்லர் முழுவதையும் கட்டி மேய்க்கிறவர். உங்களை விட்டால் எனக்கு வேறு யார்?

சகலை

பிப்ரவரி 14

சகலைக்கு,

தொழிற்சாலைக்குக் கடிதம் வந்தது. எனக்கும் இதுதான் வசதி. இங்கே தொழிற்சாலை வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன்.

"சூடாகிறது, சூடாகிறது" என்று இரண்டு பக்கம் புலம்பியிருக்கிறாய். எவ்வளவு சூடு? பிராசஸர் எத்தனை வாட், கார்டு எத்தனை வாட், இரண்டும் சேர்ந்து எத்தனை நேரம் ஓடும், அறையின் வெப்பம் என்ன? இது தெரியாமல் ரேடியேட்டர் வாங்குவது, ஆள் யார் என்று தெரியாமல் சட்டை தைப்பது போல.

இணைத்திருக்கும் படத்தைப் பார். இரண்டு பம்ப் போட்டிருக்கிறேன். ஒன்று ஓடும், மற்றது நின்று காத்திருக்கும். பொருளுக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு வால்வு வைத்திருக்கிறேன், கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டுமே. மொத்தம் ஏழு. ஒவ்வொன்றிலும் எண் எழுதித் தகடு மாட்டு. பிராசஸரின் மேல் உட்காரும் பிளாக் செம்பு என்றால் ரேடியேட்டரும் செம்புதான். அலுமினியம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதே. இரண்டும் ஒரே தண்ணீரில் இருந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

சண்டையைப் பற்றி நீ எழுதியதால் சொல்கிறேன். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுப் பந்தியில், பத்துப் பேர் காதில் விழ, "அம்மாவ நீ சமையலுக்குத்தான வச்சிருக்கே" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டது யார்? பெரியவள் பாதி இலையில் எழுந்துவிட்டாள். அன்றிலிருந்து தங்கை பெயரை எடுப்பதில்லை. உன் வீட்டுக்காரி அந்த வாயைக் கொஞ்சம் அடக்கியிருந்தால், நான் நேரிலேயே வந்து உனக்கு இதைச் செய்து கொடுத்திருப்பேன்.

பெரிய சகலை

பிப்ரவரி 22

அண்ணனுக்கு,

பிராசஸர் இருநூற்று ஐம்பது வாட். கார்டு முந்நூற்று ஐம்பது. தொடர்ந்து பத்து மணி நேரம்கூட ஓடும். அறையில் பிற்பகலில் முப்பத்து நான்கு டிகிரி. மேற்குப் பார்த்த ஜன்னல், திரை போட்டும் பயனில்லை.

என் மனைவியின் வாயைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு ஒரு பதில் எழுதினேன், கிழித்தேன். மறுபடி எழுதினேன், அதையும் கிழித்தேன். அவள் சொன்ன இடம் தப்பு. அது அவளுக்கும் தெரியும். சொன்னது தப்பா என்பதை அத்தையின் முழங்காலைப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். இனி நாம் வேலை விஷயம் மட்டும் எழுதிக்கொள்வோம்.

வேலை விஷயம். ஏழு வால்வு, இரண்டு பம்ப். அண்ணே, என் மேசைக்கு அடியில் இருப்பது ஒரு கணினிக் கேபினட். முழங்கால் உயரம். உங்கள் படத்தின்படி செய்தால் கணினியை வெளியே வைத்துவிட்டு நான் கேபினட்டுக்குள் உட்கார வேண்டியதுதான். ஒரு பம்ப் போதும். நின்றுபோனால் கணினி தானாக அணைந்துகொள்ளும், ஊருக்கு ஆபத்து இல்லை. தகடு மாட்டும் உத்தேசமும் எனக்கு இல்லை.

இன்னொன்று. தண்ணீரில் கலக்கச் சிவப்புச் சாயம் விற்கிறார்கள். உள்ளே விளக்குப் போட்டால் அழகாக இருக்கிறது. அது வேண்டும் என்று ஆசை.

சகலை

மார்ச் 3

சகலைக்கு,

கோபம் வந்தால் நீ கணக்குச் சரியாகக் கொடுக்கிறாய். இனி அடிக்கடி கோபப்படுத்துகிறேன்.

அறுநூறு வாட் என்றால் மூன்று விசிறி அகல ரேடியேட்டர் இரண்டு வேண்டும். ஒன்று மேலே, ஒன்று முன்பக்கம். ஒரு பம்புக்கு அரை மனதோடு சம்மதிக்கிறேன். தொட்டி பம்புக்கு மேலே இருக்கட்டும், பம்ப் ஒரு நிமிடம்கூட வறண்டு ஓடக் கூடாது. மற்றதெல்லாம் எந்த வரிசையில் வந்தாலும் பரவாயில்லை, குழாய் மடங்காமல் போனால் சரி. வால்வு ஒன்றே ஒன்று, மிகத் தாழ்ந்த இடத்தில், தண்ணீரை வடிக்க. அது இல்லாமல் செய்வதாக இருந்தால் எனக்கு எழுதவே வேண்டாம்.

சாயம் கூடாது. சாயம் கொஞ்ச நாளில் கசடாகப் படிந்து பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களை அடைத்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் பாசி பிடிக்காமலும் உலோகம் அரிக்காமலும் இருக்க மருந்து. அவ்வளவுதான். விளக்குப் போட்டுப் பார்க்க ஆசையாக இருந்தால் சின்னவளிடம் சொல்லி ஒரு மீன் தொட்டி வாங்கிக்கொள்.

அடுத்தது முக்கியம். பிளாக்கின் மேல்மூடி கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக். குழாய் மாட்டும் ஃபிட்டிங்கை அதில் கையால் மட்டும் முறுக்கு. தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வளையம், உன் பலம் அல்ல. கை இறுக்கம் போதும். ஸ்பேனரை அந்த அறைக்குள்ளேயே கொண்டுபோகாதே. எங்கள் தொழிற்சாலையில் கெட்டுப்போகும் இணைப்புகளில் பாதி, தளர்ந்து கெட்டவை அல்ல. யாரோ ஒரு பலசாலி ஆசையாக இறுக்கிக் கெட்டவை.

தண்ணீர் நிரப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஊற்ற, ஒருவர் பம்பை ஓட்டி நிறுத்த. பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடு, மற்ற எதற்கும் கொடுக்காதே. ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் டிஷ்யூ தாளைச் சுற்றி ஒரு முழு நாள் ஓடவிடு. தாள் எங்கே நனைகிறது என்று பார்.

அத்தையைப் பற்றி. நீ கிழித்த இரண்டு பதில்களிலும் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று மண்டபத்திலிருந்து திரும்பிய பிறகுதான் நான் கவனித்தேன், அத்தை அடுப்படியில் கால் மாற்றிக் கால் ஊன்றி நின்றுகொண்டே சமைக்கிறார். ஆறு வருஷமாக அந்தச் சாப்பாட்டைத் தின்றவன் நான். உட்காருங்கள் என்று ஒரு நாள் சொன்னதில்லை. இப்போது சமையலுக்கு ஓர் அம்மாள் வருகிறார். விடுமுறை நாளில் காய் நறுக்குவது நான். ஏற்பாடு செய்தது பெரியவள்தான். ஆனால் அதைத் தங்கையிடம் ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக அவள் மலையைக்கூடச் சுமப்பாள்.

பெரிய சகலை

மார்ச் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

ஓடுகிறது.

பொருள்கள் எல்லாம் வந்து சேர்ந்து, போன வாரம் முழுக்க இதே வேலை. ரேடியேட்டர்களை வெந்நீர் விட்டு ஆறு முறை அலசினேன், முதல் முறை வந்த தண்ணீரில் உலோகத் தூள் மின்னியது. முன்பக்க ரேடியேட்டர் கேபினட்டில் இரண்டு விரல் அளவுக்கு நுழைய மறுத்ததால் உள்ளிருந்த ஒரு தட்டை அறுத்து எடுத்தேன். குழாயை நீளமாக வெட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். முதல் துண்டை மட்டும் குட்டையாக வெட்டித் தொலைத்தேன், அதைக் கேட்காதீர்கள்.

நிரப்பும்போது சின்னவள் உதவினாள். நான் ஊற்ற, அவள் சுவிட்சைப் போட்டு அணைத்தாள். தொட்டியில் தண்ணீர் சர்ரென்று இறங்கும்போதெல்லாம் நான் சொல்வதற்கு முன்பே அணைத்துவிட்டாள். இதெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டாள். வீடியோ பார்த்தேன் என்றேன். சாயத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் அவளிடம் ஒப்பித்திருந்தேன், எந்த வீடியோவில் சாயத்தை இப்படித் திட்டுகிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்தாள், அதோடு விட்டுவிட்டாள்.

கார்டின் பிளாக் அருகே தாள் ஒரு இடத்தில் லேசாக நனைந்திருந்தது. சரிசெய்துவிட்டேன். அதன் பிறகு ஒரு முழு நாள் ஓட்டியதில் ஒரு தாளும் நனையவில்லை.

இப்போது பத்து மணி நேரம் ஓடினாலும் பிராசஸர் எழுபதைத் தாண்டுவதில்லை. கார்டு ஐம்பத்தைந்து. சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு பெரிய வேலை கையில் இருக்கிறது, மாதக் கடைசிக்குள் கொடுத்துவிடலாம்.

சமையலுக்கு ஆள் வருகிற விஷயத்தைச் சின்னவளிடம் சொல்லத் துடிக்கிறேன். எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதனால் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். நன்றி அண்ணே. ஏழு வால்வுக்கு அல்ல, மற்ற எல்லாவற்றுக்கும்.

சகலை

மார்ச் 25

அண்ணனுக்கு,

தண்ணீர் கொட்டிவிட்டது.

ஞாயிறு பிற்பகல், அறை கொதிக்கிறது, கணினி காலையிலிருந்து முழு மூச்சில் ஓடுகிறது. திடீரென்று திரை கருத்தது. குனிந்தால் கார்டின் மூடியில், ஃபிட்டிங் மாட்டிய துளையிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல். அதிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கார்டின் மேலேயே விழுந்து, தரையில் தேங்கியிருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன்.

உங்களிடம் மறைத்ததைச் சொல்கிறேன். அன்று ஒரு தாள் நனைந்திருந்தது என்று எழுதினேனே, அது கசிவே இல்லை. நிரப்பும்போது நான் சிந்திய சொட்டு. அது அப்போது எனக்குத் தெரியவில்லை. "தண்ணி இருக்கு பாருங்க, இன்னும் கொஞ்சம் முறுக்குங்க" என்று சின்னவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கை வலிக்கிறது என்றேன். அவளே போய் ஸ்பேனரை எடுத்து வந்து கொடுத்தாள். நானும் ஒரு அரைச் சுற்றுச் சுற்றினேன். கையால் மட்டும் என்று நீங்கள் அத்தனை முறை எழுதியும். குளிர்ந்த தண்ணீரில் ஒன்றும் ஆகவில்லை, சூடேறிச் சூடேறித்தான் பிளந்திருக்கிறது.

இனி வீடியோ என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன், கடிதங்களையும் சேர்த்து. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அக்காகிட்ட பேச்சுவார்த்தை இருந்திருந்தா இப்ப ஒரு போன் போட்டிருப்பேன்" என்றாள். போடேன் என்றேன். "எந்த மொகத்த வச்சிக்கிட்டு?" என்று சொல்லிவிட்டு அழுதாள். கணினிக்காக அழவில்லை என்பது எனக்கும் தெரியும்.

வேலை பாதியில் நிற்கிறது. வாடிக்கையாளரிடம் ஒரு வாரம் கேட்டிருக்கிறேன். அது இப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இவள் இரண்டு நாளாகச் சரியாகப் பேசுவதில்லை. போனை எடுக்கிறாள், பார்க்கிறாள், வைத்துவிடுகிறாள்.

சகலை

மார்ச் 30

சகலைக்கு,

கார்டுக்கு உடனே மின்சாரம் கொடுத்துவிடாதே. பிளாக்கைக் கழற்று, காய்ச்சி வடித்த தண்ணீரால் துடை, விசிறிக் காற்றில் நான்கைந்து நாள் காயவிடு. நீ ஊற்றியது சுத்தமான தண்ணீர், பிழைக்க வாய்ப்பு உண்டு. சாயம் ஊற்றியிருந்தால் நான் இரங்கல் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன்.

இப்போது நான் செய்த காரியத்தைக் கேள். உன் கடிதம் வந்த அன்று வீட்டுக்குப் போனதும் பெரியவளிடம் சொல்லிவிட்டேன். சகலையோடு இத்தனை நாள் கடிதத்தில் பேசிக்கொண்டிருந்தேன் என்றேன். கணினிக்குத் தண்ணீர்ச் சுற்று போடச் சொல்லிக் கொடுத்தேன், ஸ்பேனர் போட்டு நன்றாக இறுக்கு என்று எழுதினேன், அவன் அப்படியே செய்தான், மூடி பிளந்து எல்லாம் நனைந்துவிட்டது, அவன் பிழைப்பே நிற்கிறது என்றேன்.

ஏன் பொய் என்று கேட்பாய். இந்த இரண்டு பேரும் எத்தனை மாதமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார். அந்தப் பந்திப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கச் சின்னவளால் முடியவில்லை, அதில் பாதி உண்மை. பெரியவளாலும் இறங்கிவர முடியவில்லை, பாதி உண்மை என்று அவளுக்கும் தெரியும். அந்தச் சண்டையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வாசலைத் தாண்ட முடியாது. ஆனால் தன் வீட்டு ஆளால் இன்னொரு வீட்டுக்கு நஷ்டம் என்றால் பெரியவளால் சும்மா இருக்க முடியாது. அது அவள் சுபாவம். இந்தத் தப்புக்கு அவளால் தலை நிமிர்ந்து மன்னிப்புக் கேட்க முடியும்.

நினைத்தபடியே ஆயிற்று. பெட்டியை இறக்கினாள். சனிக்கிழமை ரயிலில் அத்தையைக் கூட்டிக்கொண்டு அங்கே வருகிறாள். எனக்கு விடுப்பு இல்லை. இருந்தாலும் அவளோடு வரும் தைரியம் இல்லை.

ஸ்பேனர் என் யோசனை. சின்னவளிடமும் சொல்லி வை. நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

பெரிய சகலை

ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் வாயைத் திறக்கவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் என்மேல் பழி வரக் கூடாது.

சின்னவளிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தேன். சரி என்று தலையாட்டினாள். சனிக்கிழமை காலையிலிருந்து அறையைப் பெருக்கியதையே பெருக்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் வந்தார்கள். அத்தை இவளைக் கட்டிக்கொண்டார். அண்ணி இவள் முகத்தைப் பார்க்காமல் நேராக என் அறைக்குள் போய், பிளந்த மூடியைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "அவர் சொன்னதக் கேட்டுத்தான இப்படி ஆச்சு. எங்க பக்கம்தான் தப்பு. மன்னிச்சிரு" என்றார்.

நான் சுவரைப் பார்த்தேன். எல்லாம் உங்கள் திட்டப்படி முடிந்தது என்று நினைத்தேன். அப்போது சின்னவள் சொன்னாள். "இல்லக்கா. மாமா கையால மட்டும்னுதான் எழுதியிருந்தார். ஸ்பேனர எடுத்துக் குடுத்தது நான். மண்டபத்துல பேசுனதும் நான்தான். எங்க எதச் செய்யக் கூடாதோ அங்கதான் அதச் செய்வேன்."

அண்ணே, உங்கள் பொய் போயிற்று, உறவும் போயிற்று என்றே முடிவு கட்டினேன். அண்ணி மூடியை மேசைமேல் வைத்தார். இவள் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப் போனார். கதவு பாதி சாத்தியிருந்தது. முதலில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள், பிறகு யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அத்தை எழுந்து உள்ளே போகப் பார்த்தார். "நீ உக்காரும்மா" என்று இரண்டு குரலும் சேர்ந்து வந்தன. அத்தை உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து, இதற்கு நான் நின்றுகொண்டே இருந்திருக்கலாம் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கார்டு பிழைத்துவிட்டது. விசிறியையே மாட்டி மெதுவாக ஓட்டுகிறேன். வேலை தாமதமானாலும் போய்ச் சேரும். அத்தை ஒரு மாதம் இங்கேதான் இருப்பார். அண்ணி நாளை கிளம்புகிறார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தயாராக இருங்கள்.

சகலை

ஏப்ரல் 14

சகலைக்கு,

புதிய மூடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் வரும். கூடவே ரப்பர் வளையங்களும் மாற்று. பழையதைப் போடாதே. நிரப்பும்போது சொட்டுச் சிந்தினால் துடைத்துவிட்டுப் பிறகு தாளைச் சுற்று. இனி வீட்டு முகவரிக்கே எழுதலாம், போனும் செய்யலாம். ஆனால் குழாய் விஷயத்தைக் கடிதத்திலேயே எழுது, போனில் நீ பாதியைக் காதில் வாங்க மாட்டாய்.

பெரியவள் வந்து சேர்ந்தாள். பெட்டியை வைத்தாள், முகம் கழுவினாள், எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டாள். நான் என்ன கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவளே ஆரம்பித்தாள்.

"வீட்டுக் குழாய நான் கொஞ்சம் இறுக்கி மூடுனாலே ஊரக் கூட்டுற ஆளு நீங்க. நீங்க போய் ஸ்பேனர் போடச் சொன்னீங்களாக்கும்."

எப்போது தெரிந்தது என்று கேட்டேன். நீங்கள் வாசலில் நின்று சொல்லச் சொல்லவே தெரிந்தது என்றாள். பொய் என்று தெரிந்தும் ஏன் போனாய், போய் ஏன் மன்னிப்புக் கேட்டாய் என்றேன். தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"போகணும்னு எத்தன மாசமா இருக்கு தெரியுமா? என்ன சொல்லிக்கிட்டுப் போறதுன்னுதான் தெரியல."

பெரிய சகலை